புள்ளி எங்கே போனது? யோயோ போட்டி பற்றி வாசகர் கேள்வி – பதில்

யோயோ போட்டிகளின் விதிகளையும் நடுவர்கள் மதிப்பெண் போடும் முறையையும் கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே. பதில்கள் பன்னாட்டு யோயோ கூட்டமைப்பின் முறையை ஒட்டியவை. உலகப் போட்டியும் பல நாடுகளின் தேசியப் போட்டிகளும் அந்த முறையில்தான் நடக்கின்றன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், பெயர் கொடுக்கும் முன் அந்தந்தப் போட்டியின் விதித்தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. எந்நேரமும் யோயோ வீடியோதான். ‘1ஏ’, ‘3ஏ’, ‘5ஏ’ என்று ஏதேதோ சொல்கிறான். என்ன அது?

பதில்: எல்லாம் போட்டிப் பிரிவுகளின் பெயர்கள், அம்மா. எண் ஏற ஏறக் கஷ்டமும் ஏறுகிறது என்று பொருளில்லை. ஒவ்வொன்றும் தனி ஆட்டம்.

1ஏ என்றால் ஒரே யோயோ. அதை நீண்ட நேரம் சுழலவிட்டு, கயிற்றில் ஏற்றி இறக்கி, வளைத்து, வீசிப் பிடிப்பார்கள். 2ஏ-யில் இரண்டு கையிலும் ஒவ்வொரு யோயோ. அவை தூங்காது (கயிற்றின் அடியில் நின்று சுழலாது), போய்ப் போய்த் திரும்பி வட்டமடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு லூப்பிங் என்று பெயர். 3ஏ-யிலும் இரண்டு யோயோதான், ஆனால் இரண்டும் நெடுநேரம் சுழல்பவை. ஒன்றின் கயிற்றில் இன்னொன்றை ஏற்றி ஆட வேண்டும். 4ஏ-யில் யோயோ கயிற்றோடு கட்டப்பட்டிருக்காது. எறிந்து, கயிற்றால் ஏந்திப் பிடிக்க வேண்டும். 5ஏ-யில் கயிற்றின் மறுமுனை விரலில் இல்லை. அங்கே ஒரு பகடையோ சிறு பந்தோ எடைக்காகத் தொங்கும். 1990களின் இறுதியில் அமெரிக்கரான ஸ்டீவ் பிரவுன் உருவாக்கிய பாணி அது. யோயோ தயாரிக்கும் டன்கன் நிறுவனம் ‘ஃப்ரீஹேண்ட்’ என்ற பெயரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது.

இவை போக, ‘ஏபி’ என்று ஒரு கலைநிகழ்ச்சிப் பிரிவும் உண்டு. மேடைப் பொருள், வேடம், கூட்டாக ஆடுவது எல்லாம் அதில் செல்லும்.

மகன் போட்டியில் இறங்க நினைத்தால் 1ஏ-யில் தொடங்கட்டும். கற்றுக்கொள்ள வீடியோக்கள் அதிகம், உதிரிப் பொருள்கள் எளிதில் கிடைக்கும். ஆனால் போட்டியாளர் கூட்டமும் அங்கேதான் அதிகம்.

கேள்வி: நடுவர்கள் இரண்டு கையிலும் எதையோ வைத்துக்கொண்டு ‘டிக் டிக்’ என்று அழுத்துகிறார்களே, அதுதான் மார்க்கா? அழுத்திய எண்ணிக்கை அதிகம் உள்ளவர்தானே ஜெயிக்க வேண்டும்?

பதில்: பாதிக்குச் சற்று மேல் மார்க் அது. முழு மார்க் அல்ல. இந்த ஓர் இடத்தில்தான் பார்வையாளர்களில் பலரும், போட்டியாளர்களில் சிலரும் குழம்புகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

இறுதிச்சுற்று 3 நிமிடம், மொத்தம் 100 புள்ளி. அதில் 60 ‘நுட்பச் செயல்பாடு’. நீங்கள் பார்த்த கிளிக்கர்கள் அதற்குத்தான். ஒரு கையில் கூட்டல், இன்னொரு கையில் கழித்தல். ஒரு நுட்பம் சரியாக விழுந்தால் கூட்டலில் ஒரு கிளிக். கடினமானது என்றால் அதற்கு மேலும் விழலாம். தவறவிட்டால் கழித்தலில் ஒன்று. முடிந்ததும் கூட்டலிலிருந்து கழித்தலைக் கழித்து வருவது அந்த நடுவரின் கச்சா எண்ணிக்கை.

அந்தக் கச்சா எண்ணிக்கையை அப்படியே கூட்டுவதில்லை. ஒரு நடுவர் யாருக்கு மிக அதிகமாகக் கொடுத்தாரோ, அவருக்கு அந்த நடுவர் கணக்கில் 60. மற்றவர்களுக்கு அதே விகிதத்தில். இப்படி ஒவ்வொரு நடுவருக்கும் தனித்தனியாகச் செய்து, பிறகு சராசரி எடுப்பார்கள். தாராளக் கை, கஞ்சக் கை எல்லா ஊரிலும் உண்டு. விகிதம் பார்க்காவிட்டால் தாராளக் கை நடுவரின் குரல் மட்டுமே முடிவில் கேட்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. மூன்று போட்டியாளர்கள்: அ, ஆ, இ. முதல் நடுவரின் கச்சா எண்ணிக்கை முறையே 76, 62, 49. இரண்டாமவர் கஞ்சம்: 48, 42, 30. முதல் நடுவர் கணக்கில் அ-வுக்கு 60, ஆ-வுக்கு 62-ஐ 76-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்க 48.95, இ-க்கு 38.68. இரண்டாமவர் கணக்கில் 60, 52.5, 37.5. சராசரி: அ 60, ஆ 50.72, இ 38.09.

மீதி 40 புள்ளி மதிப்பீட்டுக்கு. அதில் நுட்பத் தரத்துக்கு 20, நிகழ்த்தும் தரத்துக்கு 20. மூன்று பேரும் முறையே 24, 33.5, 31 வாங்கியதாக வைத்துக்கொள்வோம். கடைசியாகப் பெருங்கழிவுகள்: அ ஒருமுறை யோயோவை மாற்றினார் (3), இருமுறை யோயோ நின்று மறுபடி தொடங்கினார் (2). ஆக 5 போயிற்று. மற்ற இருவருக்கும் கழிவில்லை.

அ: 60 + 24 – 5 = 79. ஆ: 50.72 + 33.5 = 84.22. இ: 69.09.

கிளிக்கில் ஒன்பது புள்ளிக்கு மேல் முந்தியிருந்த அ, ஐந்து புள்ளிக்கு மேல் தோற்றுப்போனார். ‘அவன்தானே அதிகம் செய்தான்’ என்று அரங்கில் முணுமுணுப்பு எழும் முடிவுகளில் பல இந்த வகைதான்.

இன்னொன்று. உங்கள் 60 உங்கள் கையில் மட்டும் இல்லை. அன்றைக்கு மிக அதிகம் எடுத்தவர் எவ்வளவு எடுத்தார் என்பதைப் பொறுத்தது. அதனால் போன போட்டி மார்க்கையும் இந்தப் போட்டி மார்க்கையும் பக்கத்தில் வைத்து ‘முன்னேறிவிட்டேன், பின்தங்கிவிட்டேன்’ என்று பார்ப்பதில் பயனில்லை. உங்கள் கச்சா எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

கேள்வி: நான் ரொம்பக் கஷ்டப்பட்டுப் பழகிய ஒரு காம்போவுக்கு (அடுத்தடுத்து வரும் வித்தைகளின் தொடர்) மூன்று நான்கு கிளிக்தான் விழுந்ததாம். பக்கத்தில் ஆடியவனின் எளிய காம்போவுக்கு ஏழெட்டு. எது கிளிக், எது இல்லை?

பதில்: தம்பி, நடுவர் வித்தையின் பெயரையோ, நீ அதற்குச் செலவிட்ட நாட்களையோ எண்ணுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் தனித்தனி நுட்பங்களைத்தான் எண்ணுகிறார். யோயோ கயிற்றில் புதிதாக ஓர் இடத்தில் இறங்கினால், தளர்ந்த கயிற்றைச் சுண்டி வளையமாக்கிப் பிடித்தால், விரலிலிருந்து கயிற்றை விட்டுவிட்டு மீண்டும் பிடித்தால், கையின் மேலோ முதுகுப் பக்கமோ கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், அவையெல்லாம் எண்ணத் தக்கவை.

எண்ணிக்கை குறைய மூன்று காரணங்கள் வழக்கமானவை.

முதலாவது, திரும்பச் செய்தல். யோயோவைக் கயிற்றில் குதிக்கவைத்துக் குதிக்கவைத்துப் பிடிப்பது பார்க்க அழகு. ஆனால் அதே குதிப்பை ஐந்து முறை செய்தால் ஐந்து கிளிக் வராது. ஏற்கெனவே புள்ளி பெற்ற நுட்பத்துக்கு மறுபடி புள்ளியில்லை. வேறு கை, வேறு திசை, உடம்பைச் சுற்றி என்று தெளிவான மாற்றம் இருந்தால்தான் புதிதாகக் கொள்வார்கள். ஒரே மாதிரி முடியும் காம்போக்கள் மூன்று வைத்திருப்பவர்கள் தங்களை அறியாமலேயே இங்கே இழக்கிறார்கள்.

இரண்டாவது, தொடக்கமும் முடிவும். ட்ரபீஸ் (பக்கவாட்டில் வீசிய யோயோவைக் கயிற்றின் மேல் இறக்குவது) போன்ற அடிப்படை ஏற்றங்கள் எல்லாக் காம்போவுக்கும் வாசல்படி. இறங்குவதற்கான சின்ன அசைவுகளும் அப்படியே. உன் காம்போ பத்து விநாடி ஓடி, அதில் நான்கு விநாடி ஏறுவதற்கும் இறங்குவதற்குமே போய்விட்டால் புள்ளி தரும் பகுதி ஆறு விநாடிதான். காம்போவை முடித்ததும் யோயோவைக் கைக்கு வரவழைத்து மறுபடி வீசுவது இன்னொரு மூன்று விநாடி. நல்ல வீச்சும் நல்ல யோயோவும் இருந்தால் ஒரே வீச்சில் இரண்டு காம்போவை இணைத்துவிடலாம்.

மூன்றாவது, தெளிவு. கயிறு உன் உடம்பை ஒட்டி, மார்புக்கு நேராக, ஒரு சாண் அகலத்தில் நடக்கும் நுட்பம் ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு ஒரே கசகசப்பாகத் தெரியும். சட்டையின் நிறமும் கயிற்றின் நிறமும் ஒன்றாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கறுப்புச் சட்டை, பளிச்சென்ற மஞ்சள் அல்லது வெள்ளைக் கயிறு – இவ்வளவுதான், செலவில்லாத வழி. வேகமும் அப்படித்தான்: நடுவரின் கட்டைவிரல் ஓடும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு நுட்பமும் விழுந்த இடம் தெரியும்படி ஆடினால், கொஞ்சம் மெதுவாக ஆடியவரே அதிகம் வாங்குவதும் நடக்கும்.

பழகும்போது கைப்பேசியை ஐந்து மீட்டர் தள்ளி, உட்கார்ந்தவர் கண் உயரத்தில் வைத்துப் படம்பிடி. ஒலியை நிறுத்திவிட்டு நீயே எண்ணு. எண்ண முடியாத இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

கேள்வி: மேடையில் கயிறு சிக்கிக்கொண்டால் பொறுமையாக அவிழ்ப்பதா, உடனே வேறு யோயோ எடுப்பதா?

பதில்: நல்ல கேள்வி. பலர் இதை மேடையில் நின்றுதான் யோசிக்கிறார்கள், அப்போது யோசிக்க நேரம் இருப்பதில்லை.

பெருங்கழிவுகள் மூன்று. யோயோ நின்று மறுபடி தொடங்கினால் 1. ஆடிக்கொண்டிருந்த யோயோவை வைத்துவிட்டு வேறு எடுத்தால் 3. கயிறு அறுந்தோ, விரலிலிருந்து கழன்றோ, யோயோ பிரிந்தோ போனால் 5. இவை கிளிக் கணக்குக்கு அப்பால், இறுதி 100-லிருந்தே கழிபவை. சிக்குக்குக் காரணமான தவறுக்குக் கழித்தல் கிளிக் வேறு விழும்.

ஆக, அவிழ்த்தால் 1, மாற்றினால் 3. பார்த்தவுடன் அவிழ்ப்பதுதான் லாபம் போலத் தோன்றும். ஆனால் கடிகாரம் ஓடுகிறதே. அந்தச் சுற்றில் முன்னணியில் இருப்பவர் 180 விநாடியில் 90 கச்சா எண்ணிக்கை எடுக்கக்கூடியவர் என்று கொள்வோம். 90-க்கு 60 புள்ளி, அதாவது மூன்று விநாடி ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. நீங்களும் அதே வேகத்தில் எடுப்பவரானால், மாற்றுவதற்கு மூன்று விநாடி ஆகும்போது இழப்பு 3 + 1 = 4. அவிழ்ப்பதற்கு ஒன்பது விநாடி ஆனால் 1 + 3 = 4. சமம். அதற்கு மேல் ஒவ்வொரு விநாடியும் நட்டம்.

நீங்கள் அவரைவிட பாதி வேகத்தில் புள்ளி எடுப்பவரானால் ஒரு புள்ளிக்கு ஆறு விநாடி. அப்போது மாற்றினால் மூன்றரை, அவிழ்த்தால் பதினைந்து விநாடி வரை பொறுக்கலாம். ஆகவே வேகமாக ஆடுபவர் சீக்கிரம் மாற்ற வேண்டும், நிதானமாக ஆடுபவர் கொஞ்சம் முயன்று பார்க்கலாம். ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு பதினைந்து விநாடி நிற்பது மதிப்பீட்டு நடுவர் கண்ணில் படாமல் போகாது. எங்கள் கணிப்பில் எட்டு விநாடிதான் எல்லை. ஒரு வளையம் மட்டும் மாட்டியிருப்பது தெரிந்தால் அவிழுங்கள். யோயோவின் நடு அச்சில் உள்ள பேரிங்கைச் சுற்றி முடிச்சு இறுகியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் கீழே வைத்துவிடுங்கள். ஆட்டம் முடிய பத்து விநாடிதான் இருக்கிறது என்றால் மாற்றவே வேண்டாம். மூன்றைக் கொடுத்து வாங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அவிழ்க்கும்போது கயிற்றை இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுகும். யோயோவை உள்ளங்கையில் வைத்து, அது சுற்றிக்கொண்ட திசைக்கு எதிராக மெல்லச் சுழற்றி, வளையத்தைத் தளர்த்தி, விரல் நுனியால் வெளியே எடுங்கள்.

மாற்று யோயோ எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரே மாடலில் இரண்டாவது இருக்கட்டும், முடிந்தால் மூன்றாவதும். கயிற்று நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். கயிறு சுற்றி, விரல் சுருக்கைத் திறந்து, மேடை முன்விளிம்பில் வீசாத கையின் பக்கம் வைக்க வேண்டும். பையிலிருந்து எடுத்துச் சுருக்குப் போடுபவருக்கு மூன்று விநாடி பத்தாக மாறும். இதையும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். செய்து பாருங்கள், தெரியும்.

கேள்வி: மூன்று நிமிடமும் நன்றாக ஆடிவிட்டுக் கடைசியில் கயிறு அறுந்து 5 புள்ளி போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. தவிர்க்க வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. கயிறு திடீரென்று அறுவதில்லை. யோயோவுக்கு அருகே உள்ள சில சென்டிமீட்டர்தான் முதலில் தேயும், ஏனென்றால் யோயோவைக் கைக்கு வரவழைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் உள்ளே இருக்கும் சிலிகான் பட்டையில் உரசுகிறது. அடுத்தது விரல் சுருக்கு. இந்த இரண்டு இடத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

மேடைக்குப் போகும் அன்று கயிறு புதிதாக இருக்கட்டும், ஆனால் அப்போதுதான் உறையிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. புதுக் கயிறு சற்று விறைப்பாக இருக்கும், முதல் இழுப்புகளில் கொஞ்சம் நீளும். இருபது முப்பது வீச்சு வீசி, நீளத்தைச் சரிபார்த்து, சுருக்கை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். நெடுநேரம் சுழலும் யோயோவுக்குப் பாலியஸ்டர் கயிறுதான். பருத்திக் கயிறு அதைவிடச் சீக்கிரம் தேய்ந்து அறுந்துவிடும்.

அறுவதைவிட அதிகம் நடப்பது கழல்வது. வியர்த்த விரலில் சுருக்கு வழுக்கும். நடுவிரலின் நகத்துக்கும் முதல் மூட்டுக்கும் இடையே போட்டுக்கொள்பவர்கள் மூட்டைத் தாண்டி உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்வது பாதுகாப்பு. மேடையேறும் முன் கையைத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். கயிறு உரசும் கைக்கு உறை போடுகிறவர்களும் உண்டு. போட்டால் பயிற்சியிலும் போட்டே ஆட வேண்டும், அன்றைக்கு மட்டும் புதிதாகப் போட்டால் விரல் உணர்வு மாறிவிடும்.

மூன்றாவது, யோயோ இரண்டாகப் பிரிவது. நடு அச்சுத் திருகு முந்தைய நாள் பேரிங் சுத்தம் செய்தபோது சரியாக இறுகாமல் விட்டதாக இருக்கும். கையால் இறுக்கினால் போதும். பல்லைக் கடித்து முறுக்கினால் அலுமினியத்தில் உள்ள புரி தேய்ந்து, யோயோவே வீணாகும். இறுக்கும்போது கயிற்று வளையம் பேரிங்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் யோயோ சுழலாமல் திரும்பி வரும், கயிறும் நைந்துபோகும்.

கயிற்றின் முறுக்கையும் மறந்துவிடாதீர்கள். ஆட ஆட முறுக்கு ஏறும். ஏறிய கயிற்றில் தளர்ந்த வளையம் விரியாமல் தானாகச் சுருண்டு சிக்காகும். அழைப்புக்குச் சற்று முன் சுருக்கை விரலிலிருந்து கழற்றி, யோயோவைப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தொங்கவிட்டு, முறுக்கு தானாக அவிழ விடுங்கள்.

கேள்வி: பாட்டுக்கு என்ன விதி? எந்தப் பாட்டும் போடலாமா?

பதில்: போடலாம், ஆபாசமோ வசைச்சொல்லோ இல்லாதவரை. எந்த மொழியாக இருந்தாலும் சரி. நடுவருக்குப் புரியாது என்று நம்பிப் போடாதீர்கள், அரங்கில் புரிந்தவர் யாராவது இருப்பார். பாட்டு தொடங்கும் கணத்திலிருந்துதான் நேரம் கணக்கு. ஆகவே பத்து விநாடி மெல்லிய முன்னிசை உள்ள பாட்டை அப்படியே கொடுத்தால், அந்தப் பத்து விநாடியும் உங்கள் கணக்கில்தான் போகும். அதைப் பயன்படுத்தும் திட்டம் இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். நேரம் முடிந்தபின் விழும் நுட்பத்துக்குப் புள்ளி கிடையாது. கடைசி வித்தையை முடிவுக்கு மூன்று நான்கு விநாடி முன்னால் திட்டமிடுவது நல்லது. ஒருமுறை தவறினாலும் திரும்பச் செய்து பாட்டோடு முடிக்கலாம்.

கேள்வி: மதிப்பீட்டு 40 புள்ளியில் என்னென்ன பார்க்கிறார்கள்? வித்தை ஏற்றாமல் இதில் மட்டும் மார்க் ஏற்ற முடியுமா?

பதில்: முடியும். உண்மையைச் சொன்னால், நடுத்தர நிலையில் இருப்பவருக்கு மிக விரைவாக மார்க் ஏறும் இடம் இதுதான். ஆனாலும் வேண்டாவெறுப்பாகவே பலர் இதில் கை வைக்கிறார்கள்.

இறுதிச்சுற்றில் எட்டுத் தலைப்புகள், தலைக்கு 5 புள்ளி. நுட்பத் தரத்தில் நான்கு: செய்நேர்த்தி, கட்டுப்பாடு, வித்தைகளின் வகை, இடத்தைப் பயன்படுத்துவதும் அழுத்தம் கொடுப்பதும். நிகழ்த்தும் தரத்தில் நான்கு: இசையோடு இயைவு, ஃப்ரீஸ்டைலின் (பாட்டுக்கு ஆடும் முழு ஆட்டத்தின்) கட்டமைப்பு, உடல் கட்டுப்பாடு, மேடை ஆளுமை. குறுகிய சுற்றுகளில் இந்தத் தலைப்புகள் குறையும்.

வகையும் கட்டுப்பாடும் ஏற மாதங்கள் ஆகும். மற்றவை அப்படியல்ல. இசையோடு இயைவுக்கு முழுப் பாட்டையும் அசைவுக்கு அசைவு பொருத்த வேண்டியதில்லை. பாட்டில் காதுக்குப் பளிச்சென்று படும் ஆறேழு இடங்களைக் குறித்து, அங்கே ஒரு பெரிய வீச்சோ நிறுத்தமோ விழும்படி வைத்தாலே வித்தியாசம் தெரியும். கட்டமைப்பு என்றால் வரிசை. மிகச் சிறந்த காம்போவை முதலில் வைத்துவிட்டு, கடைசி ஒரு நிமிடம் மீதியைக் கொட்டினால் அது கீழே போகும். இடத்தைப் பயன்படுத்துவது என்றால் மேடையில் அங்குமிங்கும் நடப்பதல்ல. காரணமில்லாமல் நடந்தால் பதற்றம்தான் தெரியும். உயரே எறிவது, பக்கவாட்டில் நீட்டுவது, கயிற்றைத் தரைக்கு இணையாகச் சுழற்றுவது என்று காற்றில் உள்ள இடத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

உடல் கட்டுப்பாட்டில் இடிப்பது பெரும்பாலும் கழுத்து. யோயோவையே பார்த்துக்கொண்டு மூன்று நிமிடம் குனிந்திருப்பார்கள். தெரிந்த காம்போவின் முதல் இரண்டு விநாடியாவது தலையை நிமிர்த்தி எதிரே பாருங்கள்.

நல்ல மாதிரி வேண்டுமென்றால் 2018-ல் ஷாங்காய் உலகப் போட்டியில் 1ஏ பட்டம் வென்ற ‘எவன் நகாவோ’ (Evan Nagao) என்ற ஆட்டக்காரரின் இறுதிச்சுற்றையும், 2014-ல் பிராகிலும் 2019-ல் கிளீவ்லாந்திலும் அதே பட்டம் வென்ற ஜென்ட்ரி ஸ்டைனின் சுற்றுகளையும் பாருங்கள். ஒருமுறை ஒலியோடு, ஒருமுறை ஒலியில்லாமல்.

கேள்வி: யோயோவுக்கு எடை, அளவு, விலை என்று கட்டுப்பாடு உண்டா? விலை கூடியது வாங்கினால் மார்க் கூடுமா?

பதில்: யோயோ எந்த நிறுவனத்துடையது, என்ன விலை என்று நடுவர் பார்ப்பதில்லை. 1ஏ-யில் இன்று பெரும்பாலோர் ஆடுவது 60 முதல் 70 கிராம் எடைக்குள், 55 மில்லிமீட்டர் அளவு விட்டம் உள்ள உலோக யோயோ. பேரிங் ‘சி’ அளவு: உள்விட்டம் 6.35, வெளிவிட்டம் 12.7, தடிமன் 4.76 மில்லிமீட்டர். இந்த அளவு பரவலாகக் கிடைப்பதால் உதிரி வாங்குவது எளிது. ஒரு வரம்புக்கு மேல் விலை ஏறினாலும் புள்ளி ஏறாது. அந்தப் பணத்துக்கு அதே மாடலில் இரண்டாவது யோயோவும் நூறு கயிறும் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி விழாவில் சிறிய யோயோ போட்டி வைக்க நினைக்கிறோம். முப்பது பேர் வரலாம், பாதிப் பேர் புதியவர்கள். எப்படி நடத்துவது?

பதில்: இரண்டாகப் பிரியுங்கள். புதியவர்களுக்கு ‘ஏணி’ முறை, பழகியவர்களுக்கு ஒரு நிமிட ஃப்ரீஸ்டைல்.

ஏணி என்பது எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வித்தைப் பட்டியல். 1928-ல் பெட்ரோ ஃப்ளோரஸ் என்ற பிலிப்பினோ கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோயோ தயாரிக்கத் தொடங்கியபோதே கூடவே போட்டிகளும் வந்துவிட்டன. பின்னால் டன்கன் நிறுவனம் ஊர் ஊராக நடத்திய போட்டிகளும் இந்த வகைதான்: சொன்ன வித்தையைச் செய்ய இரண்டு வாய்ப்பு, சமநிலை வந்தால் யார் அதிகம் லூப் போடுகிறாரோ அவருக்கு வெற்றி. உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வித்தை போதும். ஸ்லீப்பர், வாக் தி டாக், அரௌண்ட் தி வேர்ல்ட், ராக் தி பேபி, பிரெய்ன் ட்விஸ்டர், ட்ரபீஸ், ஸ்ப்ளிட் தி ஆட்டம் என்று ஏறலாம். முதல் முயற்சியில் செய்தால் 10, இரண்டாவதில் 5, இல்லையேல் 0. ஒவ்வொரு வித்தைக்கும் ‘செய்ததாக எப்போது கொள்வோம்’ என்பதை முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். உதாரணமாக ஸ்லீப்பர் என்றால் ஐந்து விநாடி தூங்கி, கைக்குத் திரும்பி வர வேண்டும். கைக்கு வரவேண்டுமா வேண்டாமா என்பதில்தான் சண்டை வரும்.

ஓர் எச்சரிக்கை: இப்போதைய உலோக யோயோக்கள் பல, சுண்டினால் திரும்பி வராது, கயிற்றை மடித்து உள்ளே கொடுத்தால்தான் வரும். அதை வைத்து லூப் போட முடியாது. சமநிலையை லூப்பால் தீர்ப்பதானால், சுண்டினால் திரும்பும் பிளாஸ்டிக் யோயோ இரண்டை நீங்களே வாங்கி வைத்து, எல்லோரையும் அதிலேயே ஆடச் சொல்லுங்கள்.

ஃப்ரீஸ்டைலுக்குக் கிளிக் நடுவர் குறைந்தது மூன்று பேர், மதிப்பீட்டுக்கு இரண்டு பேர், பெருங்கழிவை மட்டும் குறித்துக்கொள்ள ஒருவர். கிளிக் நடுவரையே கழிவையும் எழுதச் சொன்னால் அவர் குனிந்து எழுதும் நேரத்தில் நான்கு நுட்பம் ஓடிவிடும். கையில் அழுத்தும் எண்ணி ஆளுக்கு இரண்டு: ஸ்டேஷனரிக் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும். கூட்டல் எண்ணியில் பச்சை நாடாவும் கழித்தலில் சிவப்பும் ஒட்டுங்கள்.

போட்டிக்கு முந்தைய நாள் நடுவர்கள் சேர்ந்து உட்கார்ந்து நான்கைந்து பழைய போட்டி வீடியோக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் 40, இன்னொருவர் 70 என்றால் கவலையில்லை, விகிதம் அதைச் சரிசெய்துவிடும். ஆனால் முதல் வீடியோ மேல் என்று ஒருவரும் இரண்டாவது மேல் என்று இன்னொருவரும் சொன்னால், எதை நுட்பம் என்று கொள்கிறோம் என்பதில் ஒத்துப்போகவில்லை. அதைப் பேசித் தீர்த்த பிறகே மேடைக்கு வர வேண்டும்.

ஒவ்வொருவர் ஆடி முடித்ததும் நடுவர் எண்ணிக்கையைத் தாளில் எழுதி, எண்ணியைப் பூஜ்யமாக்கி, கையை உயர்த்திக் காட்டட்டும். எல்லாக் கையும் உயர்ந்த பிறகே அடுத்தவரை அழையுங்கள். பூஜ்யமாக்க மறந்தால் அடுத்தவர் கணக்கு குளறும், பிறகு பிரித்தெடுக்க வழியே இல்லை.

பார்வையாளர் முதல் வரிசை மேடையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். 4ஏ ஆடுபவர் இருந்தால் ஐந்து. மின்விசிறிகளைப் பாருங்கள், தாழ்வாகத் தொங்குவதை நிறுத்திவிடுங்கள். மேல்நோக்கி எறிந்த உலோக யோயோ சுழலும் இறக்கையில் பட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தரை சிமென்டோ டைல்ஸோ என்றால் ஜமக்காளம் விரியுங்கள், ஆனால் ஓரங்களை ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: உலகப் போட்டிக்கு யார் வேண்டுமானாலும் போகலாமா?

பதில்: நடப்பு உலகச் சாம்பியன் நேரே இறுதிச்சுற்றில் ஆடுவார். தேசிய அளவில் வென்றவர்களுக்கு முதல் சுற்றைத் தாண்டி உள்ளே வரும் சலுகை உண்டு. மற்றவர்கள் ஒரு நிமிட முதல் சுற்றிலிருந்து ஏறிவர வேண்டும். இந்தியாவிலும் தேசியப் போட்டி நடந்திருக்கிறது. 2023-ல் உலகப் போட்டி ஒசாகாவில், 2024-ல் கிளீவ்லாந்தில், 2025-ல் பிராகில் நடந்தது. போட்டி அமெரிக்கா, ஐரோப்பாவின் கோடை விடுமுறையை ஒட்டி வருவதால் விமானச் சீட்டு விலை ஏறும், விசாவுக்கும் நாளாகும். பதிவு திறந்தவுடன் வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: முடிவில் திருப்தி இல்லையென்றால் முறையிடலாமா?

பதில்: ‘எனக்குக் கிளிக் குறைவாக விழுந்தது’ என்பது முறையீடு ஆகாது, அது நடுவரின் தீர்ப்பு. கூட்டலில் பிழை, வேறொருவர் எண் உங்கள் பெயருக்கு நேரே ஏறியது, செய்யாத யோயோ மாற்றத்துக்குக் கழித்தது – இவற்றைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மதிப்பெண் பட்டியல் ஒட்டியவுடன் படம் எடுத்துக்கொண்டு, பரிசளிப்புக்கு முன்பே, உங்கள் வீடியோவில் நிமிடம் விநாடி குறித்துத் தலைமை நடுவரிடம் போங்கள். பயிற்சியாளரையோ பெற்றோரையோ முன்னால் அனுப்பாமல் ஆடியவரே போய்க் கேட்பது நல்லது.